ஒருவருக்குச் சொன்னதை ஊருக்கே எழுதியவர்: கார்ல் செர்னி, ஒரு நிகழ்வு ஆய்வு

பியானோ கற்றுக்கொண்டவர் யாரிடமாவது செர்னி என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். தாளம் காட்டும் மெட்ரோனோமின் டக் டக், விரல் நோவு, ஒரே பக்கத்தை வாரக்கணக்கில் வாசித்த அலுப்பு, இவைதான் அவர்கள் நினைவுக்கு வரும். செர்னி என்று ஒரு மனிதர் இருந்தார் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்தின் பெயராகத்தான் அவரைத் தெரியும்.

அந்த மனிதர் பீத்தோவனிடம் நேரில் படித்தவர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பியானோக் கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்டுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். செர்னியின் ஓபஸ் எண்கள், அதாவது படைப்புகளுக்குப் போடும் வரிசை எண்கள், மட்டுமே 861 வரை போகின்றன. எண் போடாதவை வேறு இருக்கின்றன. ஆசிரியராக அவர் அடைந்த உயரம் எந்த வாத்தியாரும் ஆசைப்படக் கூடியது. இசையமைப்பாளராகவோ, உயிரோடு இருக்கும்போதே ஏளனத்துக்கு ஆளானார். ஒரே ஆளுக்கு இப்படி இரண்டு தீர்ப்பு எப்படி வந்தது என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு என்ன தேவையோ அதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் செர்னி கெட்டிக்காரர். சொன்னதை எல்லாம் அப்படியே எல்லோருக்குமாக எழுதி அச்சுக்கு அனுப்பிவிடுவார். அவரை வளர்த்ததும் இந்தப் பழக்கம்தான், கெடுத்ததும் இதுதான்.

வீடு

செர்னி பிறந்தது 1791 பிப்ரவரி 21, வியன்னாவில். அதே ஆண்டு டிசம்பரில் மொசார்ட் அதே ஊரில் இறந்தார். அப்பா வென்செல் செர்னி பொஹீமியாவிலிருந்து வந்த செக் இசைக்கலைஞர். பியானோ சொல்லிக் கொடுப்பார், ஓபோவும் ஆர்கனும் வாசிப்பார், பியானோ பழுதும் பார்ப்பார். குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும்போது குடும்பம் போலந்துக்குப் போனது. 1795-இல் போலந்து துண்டாடப்பட்டதும் வியன்னாவுக்கே திரும்பிவிட்டார்கள். வீட்டுப் பேச்சு செக் மொழி. ஒரே பிள்ளை என்பதால் மற்றப் பிள்ளைகளோடு சேர விடாமல், எப்போதும் கண் பார்வையிலேயே வைத்து வளர்த்தார்கள்.

மூன்று வயதில் பியானோ, ஏழு வயதில் சொந்தமாக எழுத்து. பத்து வயதுக்குள் மொசார்ட், கிளெமென்டி இருவரின் இசையில் பெரும்பகுதி விரலில் வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது அப்பாவின் முறை. ஒரே உருப்படியை மாதக்கணக்கில் மெருகேற்ற விடாமல் புதிது புதிதாக எடுத்துக் கொடுத்து, பார்த்தவுடன் வாசிக்கப் பழக்கினார். இருபது ஆண்டு கழித்து லிஸ்டிடம் மகன் செய்யப்போவதும் இதையேதான். 1800-இல் வியன்னாவின் ஆவுகார்ட்டன் அரங்கில் மொசார்ட்டின் சி மைனர் கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) வாசித்துச் சிறுவன் மேடையேறினான்.

பீத்தோவனின் அறையில்

வீட்டுக்கு வந்து போகிற கிரும்ஃபோல்ஸ் என்ற வயலின்காரருக்குப் பீத்தோவன் என்றால் பைத்தியம். அவர்தான் பத்து வயதுச் செர்னியை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சந்திப்பைச் செர்னி 1842-இல் எழுதிய நினைவுக் குறிப்பில் விரிவாகச் சொல்கிறார். தாறுமாறாகக் கிடந்த அறை, எங்கும் காகிதங்களும் துணிகளும், வெறும் சுவர்கள், வால்டர் கம்பெனிப் பியானோ ஒன்று. மழிக்காத தாடியும் கறுத்த பரட்டைத் தலையுமாக நின்ற பீத்தோவனைப் பார்த்ததும் பையனுக்குக் கதையில் படித்த ராபின்சன் குரூசோ நினைவுக்கு வந்தாராம். இரண்டு காதிலும் மஞ்சள் திரவத்தில் தோய்த்த பஞ்சு இருந்ததையும் கவனித்திருக்கிறான். காது போய்க்கொண்டிருந்த செய்தி அப்போது வெளியே யாருக்கும் தெரியாது.

அறையில் இன்னும் சில இசைக்காரர்கள் உட்கார்ந்திருக்க, பையன் மொசார்ட்டின் சி மேஜர் கான்செர்ட்டோவை ஆரம்பித்தான். பீத்தோவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையனுக்கு வெறும் துணைக் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரும் இடங்களில் இசைக்குழுவின் மெட்டைத் தன் இடது கையால் வாசித்துக் கொடுத்தார். அப்புறம் அப்போதுதான் அச்சாகியிருந்த பீத்தோவனின் பத்தேத்திக் சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட பியானோப் படைப்பு. கடைசியில் பீத்தோவனே எழுதிய ‘அடெலெய்ட்’ பாடலை அப்பா பாட, மகன் வாசித்தான். பையனிடம் திறமை இருக்கிறது, நானே சொல்லித் தருகிறேன், வாரத்தில் சில நாள் அனுப்புங்கள், ஆனால் முதலில் கார்ல் பிலிப் எம்மானுவேல் பாக் எழுதிய பாடநூலை வாங்கி வரச் சொல்லுங்கள் என்றார் பீத்தோவன்.

பாடங்கள் எப்படி நடந்தன? முதல் சில வகுப்புகளில் எல்லா சுருதியிலும் ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை, மட்டும். கை எப்படி இருக்க வேண்டும், விரல் எப்படி வளைய வேண்டும், முக்கியமாகக் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் எப்படிப் புகுந்து போக வேண்டும் என்பதே பாடம். கட்டைவிரலை இப்படிப் பயன்படுத்துவது அன்றைய வாசிப்பாளர்கள் பலருக்கே பழக்கமில்லாத விஷயம். அதற்கடுத்து லெகாட்டோ, அதாவது ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தோடு ஒட்டிக்கொண்டு போவது. மொசார்ட் காலத்திலிருந்து வந்த வெட்டு வெட்டான வாசிப்பே அப்போதைய நாகரிகம். பியானோவில் லெகாட்டோ நடக்காத காரியம் என்றே மற்றவர்கள் நினைத்திருந்தார்கள்.

மிகப் பெரிய இசையமைப்பாளர் ஒருவர் பத்து வயதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் ஸ்கேலும் கட்டைவிரலும். செர்னியின் பயிற்சிகளை உயிரில்லாத இயந்திர வேலை என்று திட்டுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் தந்தது எல்லாம் எங்கேயிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

பாடம் நீண்ட நாள் ஓடவில்லை. பையனைத் தனியாக அனுப்ப மாட்டார்கள், அப்பாவுக்கோ ஊர் முழுக்க வகுப்பு. எழுத்தில் மூழ்கியிருக்கும் நாளில் பீத்தோவனுக்கும் பாடம் எடுக்க மனம் வராது. ஆனாலும் உறவு கடைசிவரை அறுபடவில்லை. ஓபராவைப் பியானோவுக்கு மாற்றி எழுதுவது, அச்சுப் படி திருத்துவது என்று செர்னி பல வேலைகளைச் செய்து கொடுத்தார். 1812 பிப்ரவரியில் பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோ வியன்னாவில் முதல்முறை ஒலித்தபோது பியானோவில் உட்கார்ந்திருந்தவர் செர்னி. 1816-இல் தன் தம்பி மகன் கார்லுக்குப் பியானோ சொல்லித்தர பீத்தோவன் தேர்ந்தெடுத்ததும் இவரைத்தான்.

அதே 1816-இல் ஒரு சம்பவம். ஐந்து பேர் வாசிக்கும் பீத்தோவனின் ஓபஸ் 16 குவின்டெட்டை மேடையில் வாசிக்கும்போது செர்னி இளமை வேகத்தில் சில இடங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினார், சில இடங்களில் ஆக்டேவ் சேர்த்தார். கூட வாசித்தவர்கள் முன்னாலேயே பீத்தோவன் கடுமையாகத் திட்டிவிட்டார். மறுநாள் வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. தான் எழுதியதை எழுதியபடியே கேட்க விரும்பும் இசையமைப்பாளரை மன்னித்துவிடுங்கள், மற்றபடி நீங்கள் அழகாகத்தான் வாசித்தீர்கள் என்பது அதன் சாரம். எழுதியதை மாற்றாதே என்பதைச் செர்னி பிற்பாடு பீத்தோவன் விஷயத்தில் கறாராகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்டிப்பு இங்கேயிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

மேடையா, வகுப்பா

1805 டிசம்பர் 7 அன்று பீத்தோவன் ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தார். பதினான்கு வயதுக்கு எதிர்பார்க்க முடியாத முன்னேற்றம், வியக்க வைக்கும் நினைவாற்றல், எல்லா ஆதரவுக்கும் தகுதியானவன் என்று அதில் இருக்கிறது. இசைப் பயணம் கிளம்புகிறவனுக்குத் தேவைப்படும் சீட்டு அது. ஆனால் பயணம் நடக்கவில்லை. வியன்னாவில் அப்போது நெப்போலியனின் படை. பெற்றோருக்கு வயதாகிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொள்ள வேறு பிள்ளை இல்லை.

மூன்றாவது காரணத்தைச் செர்னியே சொல்கிறார். ஊர் ஊராகப் போய்க் கைதட்டல் வாங்குகிறவனுக்கு வேண்டிய பகட்டும் கொஞ்சம் ஏமாற்று வித்தையும் தன் வாசிப்பில் கிடையாது என்கிறார். தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக எடைபோட்ட கலைஞர்கள் குறைவு. இதை வெறும் தன்னடக்கம் என்று தள்ளிவிட முடியாது. கூட்டத்தின் முன்னால் தனக்கு என்ன வராது என்பது தெரிந்து, நான்கு சுவருக்குள் தனக்கு என்ன வரும் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

பதினைந்து வயதில் ஆசிரியரானார். அடுத்த முப்பது ஆண்டு, 1836 வரை, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடம். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள், வசதியான குடும்பத்துப் பெண்கள், வெளியூரிலிருந்து அவரைத் தேடி வந்த இளம் வாசிப்பாளர்கள் என்று வரிசை நின்றது. கட்டணமும் நன்றாகவே வாங்கினார். இசையமைக்கும் வேலைக்கு மிஞ்சியது சாயங்காலமும் இரவும்தான்.

தன் முறையை அவர் பீத்தோவன் ஒருவரிடமிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைய பெயர்பெற்ற பியானோக் கலைஞர் ஹும்மல் வாசித்ததைக் கேட்டு அந்தத் துல்லியத்தையும் துப்புரவையும் பிடித்துக்கொண்டார். 1810 வாக்கில் கிளெமென்டி வியன்னா வந்தபோது, அவர் வேறொருவருக்குப் பாடம் எடுப்பதைக் கூடவே உட்கார்ந்து கவனிக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருவது அவ்வளவு சுலபமாக நடக்கிற காரியமா என்ன? செர்னிக்கு அதில் கூச்சம் இல்லை.

1817-இல், தம்பி மகன் கார்லின் பாடம் பற்றிப் பீத்தோவன் அவருக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் எந்த இசை ஆசிரியரும் மேசையில் ஒட்டி வைக்க வேண்டியது. விரல் சரியாகவும் தாளம் பிசகாமலும் வாசிக்க வந்த பிறகு உணர்ச்சி வெளிப்பாட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். சின்னச் சின்னப் பிழைக்காக நடுவில் நிறுத்தாதீர்கள், முழுக்க வாசித்து முடித்ததும் சுட்டிக்காட்டுங்கள். இந்த முறையில்தான் நல்ல இசைக்கலைஞன் உருவாவான் என்கிறார். நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் பிள்ளைக்கு இசை எங்கே போகிறது என்பதே பிடிபடாது. இதைச் செர்னி பின்னாளில் தன் பாடநூல்களிலும் வற்புறுத்தினார்.

ஒரு மாணவனை உருவாக்கிய விதம்

1819-இல் ஒருநாள் காலையில் ஆடம் லிஸ்ட் என்பவர் எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளிறிப் போன, நோஞ்சான் பையன். ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தபோது குடித்தவன் போல இப்படியும் அப்படியும் ஆடினான், கீழே விழுந்துவிடுவானோ என்று இருந்தது என்கிறார் செர்னி. விரல்முறை என்று எதுவும் இல்லை, கை போன போக்கில் அள்ளி வீசினான். ஆனால் முன்பின் பார்க்காத நோட்டைக் கொடுத்தாலும் வாசித்தான், ஒரு மெட்டைக் கொடுத்தால் இசை விதி எதுவும் தெரியாமலே அதை வைத்துக் கற்பனையாக வாசித்துக்கொண்டே போனான். இயற்கையே ஒரு பியானோக்காரனைச் செய்து அனுப்பியிருக்கிறது என்று தோன்றியதாம்.

1822-இல் குடும்பம் வியன்னாவுக்கே குடிவந்தது. செர்னி தினமும் சாயங்காலம் பாடம் எடுத்தார், காசு வாங்கவில்லை. பகல் முழுக்கக் கட்டணப் பாடம் எடுத்துக் களைத்தவர் மாலையில் இலவசமாக உட்கார்ந்தார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் செர்னி என்ற ஆசிரியர் தெளிவாகத் தெரிகிறார். பையனிடம் ஏற்கெனவே இருந்தது வேகம், கற்பனை, துணிச்சல். இல்லாதது ஒழுங்கு. எனவே முதல் சில மாதங்கள் ஒழுங்கைத் தவிர வேறெதுவும் கிடையாது. எல்லா சுருதியிலும் ஸ்கேல், கெட்டியான தாளம், சரியான விரல், நல்ல தொனி. அதற்குக் கருவியாகக் கிளெமென்டியின் சொனாட்டாக்களை எடுத்தார். பையனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. செர்னி விட்டுக்கொடுக்கவும் இல்லை. அடித்தளம் உறைத்த பிறகு ஹும்மல், ரீஸ், மொஷலஸ், அப்புறம் பீத்தோவன், யோஹான் செபாஸ்டியன் பாக் என்று ஏற்றினார். ஒவ்வொன்றையும் மிகக் குறுகிய காலத்தில் கற்று முடிக்கச் சொன்னார். விளைவு, கடினமான உருப்படிகளைக்கூடப் பார்த்தவுடன் மேடையில் வாசிக்கும் அளவுக்குப் பையன் தேறினான். அப்பா வென்செலின் பழைய முறை இங்கே திரும்ப வருகிறது.

செர்னியின் பெற்றோர் பையனைச் சொந்தப் பிள்ளையாகவே நினைத்தார்கள், செர்னி தம்பியாக. 1822 டிசம்பர் 1 அன்று வியன்னாவில் அவனுடைய முதல் கச்சேரி நடந்தது. மறு ஆண்டே அப்பா அவனை வெளியூர்ப் பயணத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். பணத்துக்காக அவசரப்பட்டு, இசையமைப்பில் இறங்க வேண்டிய நேரத்தில் பையனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று செர்னிக்கு வருத்தம். 1837-இல் பாரிஸில் லிஸ்ட் வாசித்ததைக் கேட்டபோது, அசுரத் திறமைக்கு நடுவில் வாசிப்பு கட்டுக்கடங்காமல், குழம்பிப்போய் இருப்பதாகப் பட்டது. பின்னர் வியன்னாவில் கேட்டபோது தெளிவு வந்திருந்தது என்று ஒத்துக்கொள்கிறார். சீடன் உலகப் புகழ் பெற்ற பிறகும் வாத்தியாரின் காது வாத்தியாரின் காதாகவே இருந்திருக்கிறது.

லிஸ்ட் மறக்கவில்லை. தன் மிகக் கடினமான எட்யூட் (பயிற்சி இசை) தொகுப்பைச் செர்னிக்குக் காணிக்கையாக்கினார். 1837-இல் ஆறு பேர் சேர்ந்து எழுதிய ‘ஹெக்ஸமெரோன்’ மாறுபாடுகளில் ஷோப்பன், தால்பெர்க் ஆகியோரோடு பழைய ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டார். அதற்கும் முன்பே, டியாபெல்லி என்ற பதிப்பாளர் தன் மெட்டு ஒன்றைக் கொடுத்து ஆளுக்கொரு மாறுபாடு கேட்டபோது பங்களித்த ஐம்பது பேரில் இருவரும் இருந்தார்கள். பையனுக்கு அப்போது பதினொரு வயது. தொகுப்பின் நிறைவுப் பகுதியை எழுதிக் கொடுத்தவர் செர்னி.

லிஸ்ட் ஒருவரோடு இது முடியவில்லை. 1840-களின் தொடக்கத்தில் தியோடர் லெஷெடிட்ஸ்கி சிறுவனாக வந்து சேர்ந்தார். பகல் முழுக்கப் பாடம் எடுப்பதை நிறுத்திய பிறகும் இப்படிச் சிலரைச் செர்னி ஏற்றுக்கொண்டார். லெஷெடிட்ஸ்கியிடமிருந்து படரெவ்ஸ்கி, ஷ்னாபெல் என்று ஒரு கிளை. லிஸ்டிடமிருந்து மார்ட்டின் கிரௌஸ, அவரிடமிருந்து கிளாடியோ அர்ராவ், எட்வின் ஃபிஷர் என்று இன்னொரு கிளை. இந்த இரண்டு கிளைகளிலும் வாசிப்பு ஒன்றுபோல இல்லை என்பதுதான் விசேஷம். ஒரே அச்சில் வார்த்தெடுக்கிற ஆசிரியரிடமிருந்து இவ்வளவு வித்தியாசமானவர்கள் வர முடியாது.

எழுத்துப் பட்டறை

சரி, அப்படியானால் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? அச்சிலிருந்து.

அவர் வாழ்ந்த காலத்தில் பியானோ நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வீட்டுப் பெண்ணுக்குப் பியானோ தெரிந்திருக்க வேண்டும் என்பது குடும்ப கௌரவம் ஆனது. பதிப்பாளர்களுக்குச் சுலபமான, கேட்க நன்றாக இருக்கிற, சீக்கிரம் விற்கிற உருப்படிகள் வேண்டியிருந்தன. ஓபராவில் ஒரு மெட்டு பிரபலமானால் அதை வைத்து மாறுபாடுகள், ரொண்டோ, நான்கு கைக்கு ஒன்று. வியன்னாப் பதிப்பாளர்களும் லண்டனில் காக்ஸும் கேட்கக் கேட்க செர்னி எழுதிக் கொடுத்தார். 1845-இல் அவரைப் பார்க்கப் போன ஜான் எல்லா என்ற ஆங்கிலேயர், அறையில் பல மேசைகளைப் போட்டு ஒன்றில் மை காய்வதற்குள் அடுத்ததற்குப் போய் ஒரே நேரத்தில் பல படைப்புகளை அவர் எழுதிக்கொண்டிருந்ததைச் சொல்கிறார்.

பயிற்சி நூல்கள் இன்னொரு பெரிய வரிசை. ஓபஸ் 299 வேகத்துக்கு, ஓபஸ் 335 லெகாட்டோவுக்கும் வெட்டி வாசிக்கும் ஸ்டக்காட்டோவுக்கும், ஓபஸ் 355 அலங்காரங்களுக்கு, ஓபஸ் 399 இடது கைக்கு, ஓபஸ் 400 ஃபியூக் (ஒரே மெட்டைக் குரலுக்குக் குரல் பின்தொடரும் வடிவம்) வாசிக்க, ஓபஸ் 599 ஆரம்பநிலைக்கு, ஓபஸ் 740 விரல் தேர்ச்சிக்கு. ஓபஸ் 821-இல் எட்டே பார் (தாள அளவு) நீளத்தில் 160 துணுக்குகள். இந்த எண்களை மேலோட்டமாகப் பார்த்தாலே ஒன்று புரியும். ஒவ்வொன்றும் ஒரு குறைக்கான மருந்து. வகுப்பில் ஒரு மாணவிக்கு நான்காவது விரல் தளர்ந்திருந்தால் அதற்கு ஒன்று எழுதியிருப்பார், இன்னொருவருக்கு இடது கை மந்தமாக இருந்தால் அதற்கு ஒன்று. வைத்தியர் ஆள் பார்த்து எழுதிய சீட்டுகளை எல்லாம் சேர்த்து அச்சடித்து விற்றால், வாங்குகிறவர் முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை எல்லா மருந்தையும் விழுங்கத்தானே பார்ப்பார்? அதுதான் நடந்தது.

ஓபஸ் 299-இன் முதல் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சி மேஜர், பிரெஸ்டோ, அதாவது மிக வேகம். வலது கையில் நிற்காமல் ஓடும் ஸ்கேல், இடது கையில் குட்டிக் குட்டிக் கார்டுகள். காகிதத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து வாசித்தால், கட்டைவிரல் அடியில் புகும் இடத்தில் சின்ன இடி விழுகிறதா என்பது உடனே காதில் விழும். இடது கைக் கார்டு வரும் கணத்தில் வலது கை தடுமாறுகிறதா என்பதும் தெரிந்துவிடும். அதாவது பீத்தோவன் பத்து வயதுப் பையனுக்குச் சொன்ன அதே கட்டைவிரல் பாடம். அதைக் கேட்டுத் திருத்த ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் இரண்டு வாரத்தில் அடுத்ததற்குப் போய்விடலாம். ஆசிரியர் ‘இன்னும் வேகமாக’ என்று மட்டும் சொன்னால் ஆறு மாதம் ஆனாலும் அந்த இடி அங்கேயே இருக்கும், வேகமாக இருக்கும், அவ்வளவுதான்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் குறித்த மெட்ரோனோம் எண்கள் அன்றைய வியன்னாப் பியானோவுக்கானவை. அதன் கட்டைகள் இலேசானவை, குறைந்த ஆழத்துக்கே இறங்குபவை. இன்றைய கச்சேரிப் பியானோவில் கட்டை கனம், இறக்கம் அதிகம். அதே எண்ணை இதில் எட்டச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டினால் கை இறுகும். குற்றம் செர்னி மேல் விழும்.

அவர் எழுத்தில் விரலைத் தாண்டியது நிறையவே உண்டு. 1829-இல் வந்த ஓபஸ் 200 பியானோவில் கற்பனையாக வாசிப்பது எப்படி என்று முறையாகக் கற்றுக்கொடுக்கிறது. 1839-இல் வந்த ஓபஸ் 500 ஒரு முழுப் பியானோப் பள்ளிக்கூடம். எங்கே தாமதிக்கலாம், எங்கே கூடாது, ஒரே வரியை எத்தனை விதமாக வாசிக்கலாம் என்பதற்கெல்லாம் அதில் விளக்கம் இருக்கிறது. பின்னால் சேர்த்த நான்காம் பகுதியில் பீத்தோவனின் பியானோப் படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வேகம், தொனி, மனநிலை சொல்கிறார். எழுதியவரோடு உட்கார்ந்து கேட்டவரின் சாட்சியம் என்பதால் இன்றும் ஆய்வாளர்கள் அதை விடுவதில்லை. ஒரு கற்பனைச் சிறுமிக்கு எழுதியதாக அமைந்த கடிதங்களும் உண்டு. வெளியூரில் வசிக்கும் பன்னிரண்டு வயதுப் பெண் சிசிலியா. உட்காரும் விதத்தில் தொடங்கிக் கற்பனையாக வாசிப்பது வரை கடிதத்திலேயே கொண்டுபோகிறார். அந்தக் கடிதங்களின் நடையைப் பார்த்தால் இவர் பிள்ளைகளை அதட்டி வேலை வாங்கிய ஆள் என்று சொல்ல மனம் வராது.

தீர்ப்பு சொன்னவர்கள்

இசையமைப்பாளரும் விமர்சகருமான ஷூமான் தன் பத்திரிகையில் செர்னியின் கற்பனை திவாலாகிவிட்டது என்ற பொருளில் எழுதினார். 1829-இல் வியன்னா வந்த ஷோப்பன், மனிதர் நல்லவர், அவர் எழுதும் இசையைவிட அவரிடம் உணர்ச்சி அதிகம் என்று வீட்டுக்குக் கடிதம் போட்டார். கிண்டல்தான், ஆனாலும் பாதி பாராட்டு. மறுபக்கம் பிராம்ஸ் ஓபஸ் 500-ஐ, முக்கியமாகப் பீத்தோவன் பற்றிய பகுதியை, படிக்க வேண்டியது என்று கிளாரா ஷூமானிடம் சொல்கிறார். டெபுசி 1915-இல் எழுதிய எட்யூட் தொகுப்பின் முதல் எண்ணுக்கே ‘திருவாளர் செர்னியைத் தழுவி, ஐந்து விரலுக்கு’ என்று தலைப்பு வைத்துக் கேலியும் மரியாதையுமாக ஒரு வணக்கம் போட்டார். ஸ்ட்ராவின்ஸ்கி தன் பியானோ கான்செர்ட்டோவுக்கு விரலைத் தயார்செய்யச் செர்னியை வாசித்து, ஆசிரியராக மட்டுமல்லாமல் உண்மையான இசைக்கலைஞராகவும் அவரை மதித்தார்.

எல்லாரிலும் நேராக ஆணியடித்தவர் லிஸ்ட். 1856-இல் தன் மாணவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பீத்தோவன் மற்றவர்களுக்குப் புதிராக இருந்த காலத்தில் செர்னி அவரைப் புரிந்து வாசித்தார் என்கிறார். அளவு மீறி எழுதித் தன்னைத் தானே நலிவாக்கிக்கொண்டார், முதல் சொனாட்டாவில் காட்டிய வழியில் தொடர்ந்து போகவில்லை என்று வருந்துகிறார். வியன்னாவின் சமூகப் பழக்கமும் பதிப்பாளர்களும் அவரை இழுத்தன, விலகி நிற்கும் கண்டிப்பு அவரிடம் இல்லை என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. அருகிலிருந்து பார்த்த சீடனின் கணிப்பு இது. இதற்கு மேல் கடுமையாகவும் தேவையில்லை, இதற்குக் கீழ் மென்மையாகவும் தேவையில்லை.

லிஸ்டோடு ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாறுபாடு. கண்டிப்பு இல்லாததால்தான் அவர் இப்படி எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் எதைக் கேட்டு வந்தாலும் அவருக்கு ஏற்றதைக் கொடுக்க வேண்டும் என்பதே அவரை நல்ல ஆசிரியராக்கிய குணம். பதிப்பாளரும் அவருக்கு இன்னொரு மாணவர் மாதிரிதான் தெரிந்திருப்பார். செர்னியே தன் படைப்புகளை நான்கு வகையாகப் பிரித்தார்: பயிற்சிகள், மாணவர்களுக்கான எளிய உருப்படிகள், கச்சேரிக்கான பளபளப்பானவை, கனமான இசை. முதல் மூன்றும் பிறர் கேட்டு எழுதியவை. நான்காவது தனக்காக எழுதியது. சிம்பொனிகள், திருப்பலி இசை, சேம்பர் இசை எல்லாம் அதில் வரும். அதில் பெரும்பங்கு அச்சேறாமல் கையெழுத்தாகவே தங்கிவிட்டது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அச்சில் வந்த மூன்று வகைதான். அதை வைத்துத்தான் ஷூமானும் தீர்ப்பு எழுதினார்.

கடைசி ஆண்டுகளும் பிறகும்

அம்மா 1827-இல், அப்பா 1832-இல் இறந்தார்கள். செர்னி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் துணை என்றால் பூனைகள். 1836-இல் வகுப்புகளை விட்டபின் லைப்சிக், பாரிஸ், லண்டன் என்று கொஞ்சம் பயணம், மற்ற நேரம் எழுத்து. பீட்டர்ஸ் பதிப்பகத்துக்காகப் யோஹான் செபாஸ்டியன் பாகின் ‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’ தொகுப்பைப் பதிப்பித்தார், ஸ்கார்லட்டியின் சொனாட்டாக்களையும் பதிப்பித்தார். 1857 ஜூலை 15 அன்று வியன்னாவில் காலமானார். சேர்த்து வைத்த கணிசமான சொத்து வியன்னாவின் இசை நண்பர்கள் சங்கத்துக்கும் அறக்காரியங்களுக்கும் போனது.

நான்காவது வகை இசைக்குக் காது கிடைக்க வெகுகாலம் ஆனது. 1944-இல் ஹொரோவிட்ஸ் ‘லா ரிகொர்டான்ஸா’ மாறுபாடுகளை ஒலிப்பதிவு செய்தது ஒரு விதிவிலக்கு. 2002-இல் கனடாவின் எட்மண்டனில், பியானோக் கலைஞர் ஆன்டன் குவெர்ட்டியின் முயற்சியால் செர்னிக்கென்றே ஒரு விழா நடந்தது. அச்சில் வராமல் கிடந்தவையும் அங்கே ஒலித்தன.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஓபஸ் 7, ஏ ஃபிளாட் மேஜர் சொனாட்டா. லிஸ்ட் 1830-இல் பாரிஸிலிருந்து, இதை விவரம் தெரிந்தவர்கள் கூட்டத்தில் வாசித்தேன், நல்ல வரவேற்பு என்று ஆசிரியருக்கு எழுதிய அதே சொனாட்டா. ஐந்து பகுதிகள். முதலாவது அவசரமே இல்லாமல், பாடுவதுபோல் நகர்கிறது, இரண்டாவது அதற்கு நேர்மாறாகப் படபடக்கிறது, கடைசியில் ஃபியூக். இதைக் கேட்ட பிறகு ஓபஸ் 299-ஐத் திறந்தால், முதல் பக்கத்தின் இடது கைக் கார்டுகளும் ஒரு இசைக்கலைஞர் எழுதியவைதான் என்பது தெரியும். அவற்றை டொக் டொக்கென்று அடிக்கக் கை வராது.